இன்டர்நெட்டின் கணக்குப்பிள்ளை ஜான் போஸ்டல்

மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவு



ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். எடிசன், மார்க்கோனி, சர் சி.வி. ராமன் என்று ஏதாவது ஒரு பெயரைத் தருவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் ஜான் போஸ்டல் என்று எழுதிக் கொடுத்ததும், தபால் துறையைப் பற்றிய கட்டுரையா என்று கேட்டுச் சிரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. போன வருஷம் வரைக்கும் எனக்கும் அந்தப் பெயர் தெரியாது. இத்தனைக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்தில் நாம் உருப்போடும் ஐ.பி., டி.சி.பி., யு.டி.பி. மூன்றின் மூல ஆவணங்களிலும் அவர் பெயர்தான் இருக்கிறது.

அவரை நான் தேடிப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு. எக்ஸ்டர்னலாக வந்தவர், ஐ.பி. பாக்கெட்டின் ஹெடரில் டி.டி.எல். என்ற கட்டம் எதற்கு என்று கேட்டார். ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒவ்வொன்றாகக் குறையும், பூஜ்யம் ஆனால் பாக்கெட் தூக்கி எறியப்படும் என்று மனப்பாடமாகச் சொன்னேன். வெறும் எண்ணிக்கைதான் என்றால் அதற்கு ஆயுட்காலம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. முழித்தேன். சரி, இதே பாக்கெட்டைச் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பினால் போய்ச் சேருமா என்பது மூன்றாவது கேள்வி. சார் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தேன். வைவாவில் பத்துக்கு மூன்று மார்க்.

வீட்டில் போய்ச் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா லாரி பார்சல் ஆபீசில் லோடுமேன். மூட்டை மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கிற அளவுக்கு எழுத்து தெரியும், அவ்வளவுதான். பாடப் புத்தகத்தில் டி.டி.எல். பற்றி ஒன்றரை வரி இருந்தது. அதன் அடியில் ஆர்.எஃப்.சி. 791 என்று ஓர் எண். அந்த எண்ணைத் தேடினால் மூல ஆவணமே முழுசாகக் கிடைத்தது. காசு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. நாற்பது பக்கத்துக்கு மேல் ஆங்கிலம். சுலபமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் பிடித்தது. ஆனால் எக்ஸ்டர்னலின் முதல் இரண்டு கேள்விக்கும் அதில் நேரடியாகப் பதில் இருந்தது, மூன்றாவது கேள்விக்கும் மறைமுகமாக இருந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் ஜான் போஸ்டல் என்ற பெயரும் இருந்தது.

இனி அவர் கதைக்கு வருவோம்.

ஜோனாதன் புரூஸ் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6-ம் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஆல்டடீனா என்ற ஊரில் பிறந்தார். பக்கத்து ஊர் பசடீனா. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி, சுருக்கமாக ஜே.பி.எல்., அங்கேதான் மலையடிவாரத்தில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கேயே திரும்ப வருவோம். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இன்டர்நெட்டின் தந்தை என்று புகழப்படும் வின்ட் செர்ஃப், முதல் ஆர்.எஃப்.சி.யை எழுதிய ஸ்டீவ் குரோக்கர் இருவரும் அதே பள்ளிக்கூடம்தான். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1966-ல் பட்டம், 1968-ல் முதுகலைப் பட்டம், 1974-ல் கம்ப்யூட்டர் சயன்ஸில் டாக்டர் பட்டம்.

அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதுதான் அர்ப்பாநெட் என்ற வலையமைப்பு பிறந்தது. 1969 அக்டோபர் 29 அன்று அந்தப் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போனது. அந்தக் கூட்டத்தில் இருந்த பையன்களுக்கெல்லாம் நம்மைவிட ஏழெட்டு வயதுதான் கூட. எப்படிச் செய்வது என்று சொல்லித்தர மேலே யாரும் இல்லை. ஆகவே தங்களுக்குள் குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டுக்கொண்டார்கள். பெரியவர்கள் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கத்தில், இது உத்தரவு இல்லை, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்ற பொருளில் அந்தக் குறிப்புகளுக்கு ஆர்.எஃப்.சி. என்று பணிவாகப் பெயர் வைத்தார்கள். முதல் குறிப்பு 1969 ஏப்ரல் 7-ல் வெளியானது. அவற்றைத் திருத்தி, எண் போட்டு, வெளியிடும் வேலை போஸ்டலிடம் வந்தது. இருபத்தொன்பது வருஷம், சாகும் வரைக்கும், அதை அவர் விடவில்லை.

1972 மே மாதம் அவர் எழுதிய 349-ம் எண் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கணினிக்குள் எந்த வேலைக்கு எந்த வாசல் என்று ஆளாளுக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு குழப்பம். எல்லோருக்கும் பொதுவாக எண் கொடுக்க ஒரு ராஜா வேண்டும் என்று எழுதிவிட்டு, அது நானாகவே இருக்கலாமா என்று பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்! யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து இன்டர்நெட்டின் கணக்குப்பிள்ளை அவர்தான். மெயிலுக்கு 25, வெப்சைட்டுக்கு 80 என்று நாம் படிக்கிற போர்ட் எண்களெல்லாம் அவர் பராமரித்த அந்தப் பதிவேட்டில் ஏறியவை. பிற்காலத்தில் இந்த வேலைக்கு ஐயானா என்று பெரிய பெயர் வந்தது. அலுவலகம் என்று பார்த்தால் அவரும் கூட ஓரிருவரும்தான்.

1977 மார்ச்சில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கடற்கரையோரம் மரீனா டெல் ரே என்ற இடம். அங்கே போன ஐந்தாவது மாதம் அவர் எழுதிய ஒரு சின்னக் குறிப்புதான் இந்தக் கட்டுரையின் மையம்.

அப்போது ஐ.பி. என்று தனியாக எதுவும் இல்லை. டி.சி.பி. மட்டும்தான். பாக்கெட்டை விலாசம் பார்த்து ஊர் ஊராகக் கடத்துவதும் அதே விதி, காணாமல் போனதைத் திரும்ப அனுப்பச் சொல்வதும் அதே விதி. போஸ்டல் 1977 ஆகஸ்டில், நாம் தப்புப் பண்ணுகிறோம், இரண்டு வேலையையும் ஒரே தட்டில் போட்டுக் கலக்குகிறோம், பிரித்து வைக்க வேண்டும் என்று எழுதினார்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. அப்பாவின் பார்சல் ஆபீசில்தான் புரிந்தது. அப்பா மூட்டையைத் தூக்கும்போது உள்ளே துணியா, மோட்டார் பார்ட்ஸா என்று பார்ப்பதில்லை. ஊர்ப் பெயரைப் பார்ப்பார், அந்த ஊர் லாரியில் ஏற்றுவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. பத்துக் கட்டில் ஒன்பதுதான் வந்தது, இன்னொன்று எங்கே என்று எல்.ஆர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவது அனுப்பியவரும் வாங்குபவரும். லோடுமேனையும் கணக்கு பார்க்கச் சொன்னால் ஒரு லாரியும் நேரத்துக்குக் கிளம்பாது. அப்பா செய்கிற வேலை ஐ.பி., எல்.ஆர். வைத்துக் கேட்கிற வேலை டி.சி.பி.

போஸ்டலோடு அதே நிறுவனத்தில் இருந்த டேனி கோஹன் என்பவரும் இந்தப் பிரிவினைக்காக வாதாடினார். அவர் பேச்சைப் பாக்கெட்டாக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் தொலைந்ததுதான், இரண்டு வினாடி கழித்துத் திரும்ப வந்து என்ன பிரயோஜனம்? பிறகு வந்த பேச்சையும் அல்லவா அது நிறுத்தி வைக்கும்! 1978 தொடக்கத்தில் டி.சி.பி. இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கீழே ஐ.பி., மேலே டி.சி.பி. திரும்பக் கேட்காமல் சும்மா அனுப்பினால் போதும் என்பவர்களுக்கு யு.டி.பி. அந்த யு.டி.பி.யின் விதி 1980 ஆகஸ்டில் 768-ம் எண் குறிப்பாக வந்தது. மொத்தமே மூன்று பக்கம். எழுதியவர் போஸ்டல். நம்முடைய ரெக்கார்டு நோட்டில் ஒரு பரிசோதனைக்கு இதைவிட அதிகம் எழுதுகிறோம்!

விண்வெளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆரம்பத்திலிருந்தே சம்பந்தம் உண்டு. 1977 நவம்பர் 22-ம் தேதி ஒரு சோதனை நடந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து ரேடியோ மூலம் பாக்கெட் கிளம்பியது. அர்ப்பாநெட்டில் ஏறி அமெரிக்காவைக் கடந்தது. அட்லாண்டிக் கடலுக்கு மேலே நின்ற இன்டெல்சாட் செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பா போனது. அங்கிருந்து திரும்பவும் செயற்கைக்கோள் ஏறி இறங்கி அமெரிக்கா வந்தது. போய்ச் சேர்ந்த இடம் போஸ்டல் வேலை பார்த்த ஐ.எஸ்.ஐ.யின் கணினி. நேர் வழியில் போயிருந்தால் சில நூறு கி.மீ. தூரம். சுற்றிய தூரம் ஒன்றரை லட்சம் கி.மீ. அளவுக்கு. மூன்று வேறு வேறு வலையமைப்புகளை ஒரே விதி கோர்த்துக் காட்டியது. ஆகவே இன்டர்நெட் பிறக்கும்போதே ஒரு கால் ஆகாயத்தில்தான் இருந்தது.

1981 செப்டம்பரில் போஸ்டலை ஆசிரியராகக் கொண்டு 791-ம் எண்ணில் ஐ.பி.யும் 793-ம் எண்ணில் டி.சி.பி.யும் வெளியாயின. 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் பழைய விதியை விட்டுப் புதிய விதிக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கான திட்டத்தை எழுதியவரும் அவரே. மெயிலுக்கான விதி, ஃபைல் அனுப்பும் விதி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எழுதியதும் கூட்டாக எழுதியதுமாக இருநூறுக்கு மேற்பட்ட குறிப்புகளில் அவர் பெயர் இருக்கிறது. பட்டியல் போட்டால் மலரில் மற்றவர் கவிதைக்கு இடம் இருக்காது.

இப்போது என் வைவா கேள்விக்கு வருகிறேன். 791-ஐத் திறந்து பாருங்கள். டி.டி.எல். என்பது வினாடிக் கணக்கு! எட்டு பிட் கட்டம், ஆகவே அதிகபட்சம் 255 வினாடி, அதாவது நாலே கால் நிமிஷம். வழியில் கையாளும் ஒவ்வொரு கணினியும் தனக்கு எத்தனை வினாடி ஆனதோ அதைக் கழிக்க வேண்டும். ஒரு வினாடிக்குக் குறைவாக ஆனாலும் ஒன்றைக் கழித்தே தீர வேண்டும். எல்லாக் கணினியும் வினாடிக்குக் குறைவாகவே வேலையை முடித்ததால், நடைமுறையில் அது தாண்டும் ரவுட்டர்களின் எண்ணிக்கை ஆகிப்போச்சு. பெயர் மட்டும் ஆயுட்காலம் என்றே நின்றுவிட்டது.

793-ல் இன்னும் சுவாரஸ்யம். ஒரு டி.சி.பி. துண்டு வலையமைப்புக்குள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று ஒரு கணக்கு வேண்டும், பழைய துண்டு புதியதோடு கலந்துவிடக் கூடாது அல்லவா? அந்த நேரம் 2 நிமிஷம் என்று வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். எப்படி 2? சும்மா ஒரு மதிப்பீடு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அனுப்பிய சரக்குக்கு 5 நிமிஷம் வரை ஒப்புகை வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடு என்றும் ஒரு பொது அளவு இருக்கிறது.

செவ்வாய் பூமிக்கு மிக அருகே வரும்போது சுமார் ஐந்தரைக் கோடி கி.மீ. வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் ரேடியோ அலை அங்கே போகவே 3 நிமிஷம் ஆகும். மிகத் தூரத்தில் இருக்கும்போது சுமார் 40 கோடி கி.மீ., 22 நிமிஷம். டி.சி.பி. என்ன செய்யும்? முதலில் நான் பேசலாமா என்று ஒரு துண்டு, பேசலாம் என்று பதில் துண்டு, அப்புறம்தான் விஷயம். அந்தப் பதில் வரவே குறைந்தது 6 நிமிஷம், அதிகமானால் 44 நிமிஷம். அதற்குள் நம் பக்கத்து டி.சி.பி. பதில் வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கத்திப் பார்த்துவிட்டு, எதிராளி செத்துவிட்டான் என்று முடிவு கட்டி இணைப்பை வெட்டிவிடும். போதாக்குறைக்கு, செவ்வாயைச் சுற்றும் விண்கலம் கிரகத்துக்குப் பின்னால் போனால் பேச்சே நின்றுவிடும். பூமியும் சுழல்வதால் நம் ஆன்டெனாவும் மறைந்துவிடும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போய்வர அரை வினாடி ஆகும். 793-ன்படி ஒப்புகை வராமல் ஒரே சமயத்தில் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது. அரை வினாடிக்கு 65,535 பைட் என்றால் வினாடிக்கு சுமார் 10 லட்சம் பிட். எவ்வளவு அகலமான லிங்க் வாங்கிப் போட்டாலும் ஒரு இணைப்பு அதற்கு மேல் ஓடாது! 1992-ல் வந்த 1323-ம் குறிப்பு அந்த எல்லையைப் பெருக்கிக்கொள்ள வழி செய்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. 1988-க்குப் பிறகு வந்த டி.சி.பி., ஒரு துண்டு தொலைந்தால் ரோட்டில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். விண்வெளியில் நெரிசல் ஏது? இரைச்சலில்தான் துண்டு கெடுகிறது. அங்கே வேகத்தைக் குறைப்பது, மழையில் நனைந்த மூட்டையைப் பார்த்துவிட்டு லாரி டிரைவரை மெதுவாகப் போ என்பது மாதிரி.

இதையெல்லாம் படித்தபோது போஸ்டல் மேல் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட வந்தது. ஏன் இவ்வளவு சின்ன எண்களைப் போட்டார்? பிறகு திரும்பப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. 2 நிமிஷமும் 5 நிமிஷமும் 65,535-ம் எல்லாமே டி.சி.பி. ஆவணத்தில் இருக்கின்றன. ஐ.பி.யில் நேரம் என்று முக்கியமாக இருப்பது அந்த டி.டி.எல். கட்டம்தான், அதுவும் எண்ணிக்கையாக மாறிவிட்டது. 1977-ல் இரண்டையும் பிரிக்காமல் விட்டிருந்தால், விண்கலத்துக்கு டி.சி.பி. ஒத்துவரவில்லை என்ற அன்றே விலாசம் போடும் முறையும் சேர்ந்து போயிருக்கும். பிரித்ததால், மேலே இருப்பதைக் கழற்றிவிட்டுக் கீழே இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ள முடிந்தது.

விண்வெளிப் பொறியாளர்கள் உடனே ஓடிவந்து ஐ.பி.யை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கென்று சி.சி.எஸ்.டி.எஸ். என்ற சர்வதேசக் குழு 1982 முதல் இருக்கிறது. அவர்களுடைய பாக்கெட்டின் தலைப்பு 6 பைட், ஐ.பி.யின் தலைப்பு குறைந்தது 20 பைட். வாட் கணக்கில் மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்கும் விண்கலத்தில் 14 பைட் சும்மா இல்லை. நியாயமான வாதம்தான். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித் தனியாகச் சாஃப்ட்வேர் எழுதி, தனிக் கருவி வாங்கி ஆகிற செலவு எதிர்ப் பக்கத்துத் தராசில் ஏறிக்கொண்டே போனது.

போஸ்டலின் தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட தாடி, காலில் செருப்பு, கோட்டு சூட்டு கிடையாது. லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சியரா நெவாடா மலைகளில் நடக்கக் கிளம்பிவிடுவார். தான் அனுப்புவதில் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், அடுத்தவர் அனுப்புவதில் சின்னப் பிழை இருந்தால் பொறுத்து ஏற்க வேண்டும் என்பது அவர் தன் ஆவணங்களில் எழுதி வைத்த பொது விதி. சாஃப்ட்வேருக்குச் சொன்னது. பிற்காலத்தில் பாதுகாப்புத் துறைக்காரர்கள் இந்த விதியோடு சண்டை போடுகிறார்கள், பிழையைப் பொறுத்தால் திருடனும் நுழைவான் என்று. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

1998 ஜனவரி 28 அன்று ஒரு பெரிய காரியம் செய்தார். இன்டர்நெட் பெயர்களுக்கெல்லாம் தலைப் பட்டியலை வைத்திருக்கும் ரூட் சர்வர்கள் அப்போது பதின்மூன்று என்ற கணக்கில் இருந்தன, தலைமை சர்வர் ஒரு தனியார் நிறுவனத்திடம். மற்றவற்றில் எட்டு சர்வர்களை நடத்தியவர்களுக்குக் கடிதம் போட்டு, இனி பட்டியலை என் நிறுவனக் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்! இன்டர்நெட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அமெரிக்க அரசு பதறிப்போய் மாற்றச் சொன்னது, சில நாளில் பழையபடி மாற்றிவிட்டார். சோதனை செய்து பார்த்தேன் என்பது அவர் விளக்கம். எனக்கு இதில் இரண்டு மனசு. எந்தக் கையெழுத்தும் இல்லாமல் ஒரு மனிதரின் வார்த்தைக்கு உலகமே கட்டுப்படுவது பெருமைதான். அதே சமயம் ஒரே மனிதரிடம் இத்தனை சாவியும் இருப்பது பயமாகவும் இருக்கிறது. அவரே அதை உணர்ந்துதான் இருந்தார். அந்த வேலையை ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்க அந்த வருஷம் முழுக்கப் பாடுபட்டார். ஐகான் என்ற அந்த அமைப்பு 1998 செப்டம்பரில் பதிவானது.

அடுத்த மாதமே அவர் போய்விட்டார். 1991-லேயே இதய வால்வுக்கு ஆபரேஷன் ஆனவர். அந்த வால்வில் மறுபடி கசிவு ஏற்பட்டு லாஸ் ஏஞ்சலஸில் ஆபரேஷன் நடந்தது. அதன் பின்விளைவால் 1998 அக்டோபர் 16 அன்று காலமானார். வயது 55. அவருக்கான இரங்கல் பத்திரிகையில் மட்டும் வரவில்லை. அவர் கட்டிக் காத்த அதே வரிசையில் 2468 என்ற எண் போட்டு ஓர் ஆர்.எஃப்.சி.யாக வந்தது. எழுதியவர் பள்ளித் தோழர் வின்ட் செர்ஃப்.

அந்த 1998-ல்தான் வின்ட் செர்ஃப், பசடீனாவின் ஜே.பி.எல். ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து கோள்களுக்கு இடையே இன்டர்நெட் போடுவது எப்படி என்ற வேலையைத் தொடங்கினார். போஸ்டல் பிறந்த ஊருக்கு அடுத்த ஊரில். அவர் விண்கலம் எதையும் கட்டியவர் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததெல்லாம் அவர் ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததுதான்.

இங்கிலாந்தின் சர்ரே நிறுவனம் 1999-ல் ஏவிய யுவோசாட்-12 என்ற செயற்கைக்கோளில் நாசாவின் காடார்டு மையத்தார் 2000-ம் ஆண்டு ஐ.பி. சாஃப்ட்வேரை ஏற்றினார்கள். நம் லேபில் செய்வது போல பிங் அடித்தார்கள், பதில் வந்தது! ஃபைல் இறக்கினார்கள், செயற்கைக்கோளின் கடிகாரத்தை இன்டர்நெட் வழியாகச் சரி செய்தார்கள். தரை நிலையத்தில் வைத்தது கடையில் விற்கும் ரவுட்டர். 2003 ஜனவரியில் ஏவிய சிப்சாட் என்ற ஆய்வுக்கோள் தொடக்கம் முதல் முடிவு வரை டி.சி.பி., ஐ.பி. கொண்டே இயங்கியது. பூமிக்குப் பக்கத்தில் சுற்றுவதால் டி.சி.பி.யும் தாக்குப்பிடித்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஏவிய யு.கே.-டி.எம்.சி. செயற்கைக்கோளில் சிஸ்கோ ரவுட்டர் ஒன்றே மேலே போனது. அதில் எடுத்த படங்களை இறக்கச் சர்ரேக்காரர்கள் டி.சி.பி.யை விட்டுவிட்டு, போஸ்டலின் அந்த மூன்று பக்க யு.டி.பி. மேல் சரடோகா என்ற தங்கள் முறையை ஓட்டினார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தவரை கொட்டிவிட வேண்டும், ஒப்புகைக்குக் காத்திருக்க நேரம் ஏது?

செவ்வாய்த் தூரத்துக்கு வேறு வழி வேண்டியிருந்தது. டி.டி.என். என்பார்கள், தாமதத்தைத் தாங்கும் வலையமைப்பு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அப்படியே அப்பாவின் குடோன்! அடுத்த ஊருக்கு லாரி இல்லையென்றால் மூட்டையைத் தூக்கி எறிவதில்லை. குடோனில் வைத்துக்கொண்டு லாரி வந்ததும் ஏற்றுகிறார்கள். ஆனால் ஐ.பி. ரவுட்டருக்கு வழி இல்லையென்றால் பாக்கெட்டைப் போட்டுவிடும். டி.டி.என்.னில் ஒவ்வொரு நிலையமும் கட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த விண்கலம் பார்வைக்கு வரும்வரை காத்திருந்து அனுப்பும். 2008 அக்டோபர், நவம்பரில் ஜே.பி.எல். இதைச் சோதித்தது. சுமார் 3.2 கோடி கி.மீ. தூரத்தில் இருந்த எபாக்ஸி விண்கலத்தைச் செவ்வாயில் இருக்கும் அஞ்சல் நிலையமாக வைத்துக்கொண்டு, அதன் வழியாகப் படங்களைப் போகவும் வரவும் அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் ஏவிய நாசாவின் பேஸ் என்ற கடல் ஆய்வுக்கோள் அன்றாட வேலைக்கே இதைப் பயன்படுத்துகிறது.

இதிலும் ஒரு சேதி. 2007-ல் வந்த டி.டி.என். விதியில், கட்டை வாங்கியவர் இனி இது என் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருந்தது. 2022-ல் வந்த 9171-ம் எண் புதிய விதியில் அதை வெளியே எடுத்துவிட்டார்கள். கடத்துவது வேறு, பொறுப்புக் கேட்பது வேறு. 45 வருஷத்துக்கு முன் மரீனா டெல் ரேயில் நடந்த அதே வாதம்.

ஐ.பி. தோற்றுப்போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. ரவுட்டரில் நினைவகத்தைப் பெருக்கி, மேலே உள்ள கடிகாரங்களை மட்டும் நீட்டிவிட்டால் செவ்வாய்க்கும் ஐ.பி.யே போதும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டர்நெட் விதிகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் 2025-ல் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைந்தது. ஆக, அந்த எக்ஸ்டர்னல் கேட்ட மூன்றாவது கேள்வி பெரியவர்களுக்குள்ளேயே முடியாத கேள்வி என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். மறுபடி அவரைப் பார்த்தால், டி.சி.பி. போகாது சார், ஐ.பி. போகலாம் என்று சொல்வேன்.

கடைசியாக, மலருக்குக் கட்டுரை கொடுக்கும் முந்தின நாள் ஐயானாவின் போர்ட் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 25-ம் எண்ணில் மெயில், 53-ல் பெயர்ப் பட்டியல், 80-ல் வெப். கீழே இறங்கிக்கொண்டே போனால் 4556-ல் டி.டி.என். கட்டுகள். அதே ஐயானாவில் இன்னொரு பதிவேட்டில், கோள்களுக்கு இடையே கட்டு கடத்தும் நிலையங்களுக்கான எண்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1972-ல் ஒரு கேள்விக்குறியோடு அவர் தொடங்கிய கணக்கு, இப்போது அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.